மேடையும் கடவுச்சீட்டும்: மாயா பிளிசெட்ஸ்காயா

(நடன ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பாலே நடனமணியைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறீர்கள். ஆனால் இன்றைய பேச்சில் பாதி நேரம் போலீசும் கடவுச்சீட்டும் அமைச்சர்களுமாகத்தான் போகும். அவருடைய வாழ்க்கை அப்படி, நான் என்ன செய்ய?

மாயா பிளிசெட்ஸ்காயா 1925 நவம்பர் 20 அன்று மாஸ்கோவில் பிறந்தார். 2015 மே 2 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறந்தார். இடையே 1943 முதல் 1990 வரை, 47 ஆண்டுகள், மாஸ்கோவின் போல்ஷோய் தியேட்டரில் ஆடினார். உடலை நம்பிப் பிழைக்கும் கலையில் நாற்பது வயதே முதுமை. அதில் 47 ஆண்டுகள் என்பதைச் சும்மா ஒருமுறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் பாலே என்றதும் நம்மிடம் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். 'சோவியத் நாடு' இதழைப் புரட்டி வளர்ந்தவர்கள், 'அந்த அரசு கலைஞர்களைத் தாங்கித் தாங்கி வளர்த்தது' என்பார்கள். பிற்காலத்துப் புத்தகங்களைப் படித்தவர்கள், 'கலைஞர்களை நசுக்கிய அரசு அது' என்பார்கள். இரண்டு கட்சியும் சொல்வதற்கு மாயாவின் வாழ்க்கையில் வேண்டிய அளவு சாட்சி கிடைக்கும். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. அந்த அரசுக்கு மாயா இல்லாமலும் முடியவில்லை, அவரை நம்பவும் முடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இழுபறி நடந்தது. அவருடைய நல்ல வேடங்கள் பலவும் இந்த இழுபறியில் பிறந்தவை என்பதுதான் என் கட்சி.

அப்பாவிடமிருந்து தொடங்குவோம். மிகைல் பிளிசெட்ஸ்கி ஒரு சோவியத் அதிகாரி. வடதுருவத்துக்கு அருகே, நார்வேக்குச் சொந்தமான ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளில் சோவியத் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக அவரை அனுப்பினார்கள். குழந்தை மாயாவும் அந்தப் பனியில் சில காலம் வாழ்ந்தார். 1937 ஏப்ரல் 30, மே தின ஊர்வலத்துக்கு முந்தைய நாள், அப்பாவைக் கைது செய்தார்கள். 1938 ஜனவரி 8 அன்று சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்துக்கு அதைச் சொல்லவில்லை. கடிதப் போக்குவரத்துக்கு உரிமையில்லாத பத்தாண்டுச் சிறை என்று சொல்லிவிடுவது அந்த நாட்களின் வழக்கம். 1956இல் அவர் குற்றமற்றவர் என்று அரசே காகிதம் கொடுத்தது. அவர் சுடப்பட்ட நாள் எது என்பது மகளுக்குத் தெரிய 1980களின் கடைசி வரை ஆயிற்று.

அம்மா ராகில் மெசரர் ஊமைப்பட நடிகை. 1938 மார்ச்சில் அவரையும் கைக்குழந்தையோடு கொண்டுபோனார்கள். முதலில் மாஸ்கோவின் புத்தீர்க்கா சிறை. பிறகு கஜகஸ்தானில், 'துரோகிகளின் மனைவியர்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கென்றே கட்டிய முகாம். அந்த மாலையில் மாயா தியேட்டரில் உட்கார்ந்து, சித்தி சுலமீத் ஆடிய 'உறங்கும் அழகி'யைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவும் அப்பாவிடம் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை அரசு அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடும். மாயாவையும் அழைத்துப்போக ஆள் வந்தது. சுலமீத் விடவில்லை. முறைப்படி தத்தெடுத்துக்கொண்டார். சுலமீத் மெசரரைப் பற்றித் தனியாகவே ஒருநாள் பேசலாம். போல்ஷோயின் முன்னணி ஆட்டக்காரி, அதோடு நீச்சலில் சோவியத் சாம்பியன். அரசு தனக்குக் கொடுத்த விருதுப் பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு கஜகஸ்தானுக்கே போய், அதிகாரிகளைப் பார்த்து, அக்காவை முகாமிலிருந்து சிம்கென்ட் என்ற ஊரில் வசிக்கும் நாடுகடத்தலுக்கு மாற்ற வைத்தவர். மாயாவின் தம்பியைத் தாய்மாமன் ஆசாஃப் மெசரர் எடுத்துக்கொண்டார். அவரும் போல்ஷோய் நடனக்காரர்தான். அப்பாவையும் அம்மாவையும் அரசு பறித்துக்கொண்டபோது பிள்ளைகளைக் காப்பாற்றியவை, அதே அரசின் தியேட்டர் இன்னும் இரண்டு மெசரர்களுக்குக் கொடுத்திருந்த பேரும் பதக்கமும்தான். இந்த முரணை வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

ஜார் மன்னர்களின் அரசவைக் கலையைப் புரட்சிக்காரர்கள் ஏன் விட்டுவைத்தார்கள் என்று ஒரு கேள்வி எழும். 1917க்குப் பிறகு போல்ஷோயை மூடிவிடலாம் என்ற பேச்சு உண்மையிலேயே எழுந்தது. லெனினுக்கே அதில் பெரிய ஈடுபாடு இல்லை. கல்வி ஆணையர் லுனாச்சார்ஸ்கிதான் வாதாடிக் காப்பாற்றினார். பூட்டிவைத்திருந்த இருக்கைகள் தொழிலாளருக்குத் திறந்தன. பாலேயில் பேச்சு இல்லை. பேச்சில்லாத கலையில் தணிக்கை செய்வதற்கும் குறைவு, அயல்நாட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டுவதற்கும் எளிது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாயா 1934இல் சேர்ந்த மாஸ்கோ நடனப் பள்ளி 1773இல் ஓர் அநாதை இல்லத்தில் தொடங்கிய வகுப்பிலிருந்து வளர்ந்தது. சோவியத் அரசு அதைப் படைக்கவில்லை. காசு வாங்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது, இருபது ஆண்டு ஆடியவருக்கு ஓய்வூதியம் வைத்தது. இது சிறிய காரியமில்லை. ஆனால் கலை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

பள்ளியில் மாயாவின் ஆசிரியை எலிசவெத்தா கெர்த். பழைய பீட்டர்ஸ்பர்க் அரசவை நடனக்காரர் பாவெல் கெர்த்தின் மகள். மாயாவுக்கு இந்தப் பயிற்சியில் கடைசிவரை ஒரு மனக்குறை இருந்தது. தனக்கு அடிப்படையைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுக்க ஆள் வாய்க்கவில்லை, லெனின்கிராடின் ஆசிரியை வாகனோவாவிடம் முழுதாகப் படித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பேன் என்ற ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை. ரசிகர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் உண்மை உண்டு. 'ஸ்வான் லேக்'கில் கறுப்பு அன்னம் ஒற்றைக் காலில் நின்று 32 முறை சுழலும் இடம் உலகப் புகழ் பெற்றது. மாயா அதை ஆட மாட்டார். மேடையை வட்டமாகச் சுற்றிவரும் வேகச் சுழற்சிகளைப் போட்டு அந்த இசையை நிரப்பிவிடுவார். 32ஐ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஏமாற்றம்தான். சபை முழுக்க எழுந்து நிற்குமே, அதற்கு என்ன சொல்வது?

1941 ஜூனில் போர் வந்தது. அம்மா அதற்குச் சற்று முன்னால்தான் மாஸ்கோ திரும்பியிருந்தார். போல்ஷோய் குழுவை வோல்கா கரையின் குய்பிஷெவுக்கு அனுப்பினார்கள். மாயாவின் குடும்பம் மட்டும் யூரல் மலைப்பக்கம், ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. மாயாவுக்குப் பதினாறு வயது. ஆட்டத்தை முறையாகப் பழக வழியில்லை. பாலேயில் ஓராண்டு பயிற்சி விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். 1942இல் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமலே மாஸ்கோவுக்கு ரயிலேறி, அங்கே எஞ்சியிருந்த பள்ளியில் போய் நின்றார்.

அந்த ஸ்வெர்த்லோவ்ஸ்கில்தான் சித்தி அவருக்கு ஒரு சின்ன ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 'சாகும் அன்னம்'. சான்-சான்ஸின் செல்லோ இசைக்கு, சில நிமிடங்கள் மட்டும். ரஷ்ய நடன அமைப்பாளர் ஃபோகின் இதை அன்னா பாவ்லோவாவுக்காக அமைத்திருந்தார். பாவ்லோவா பெயர் இந்த அவைக்குப் புதிதில்லை. ருக்மிணி தேவி அருண்டேலைப் பாலே பக்கம் ஈர்த்தவரும், பிறகு உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள் என்று சொன்னவரும் அவர்தான். கலாக்ஷேத்திராவின் கதையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பாவ்லோவாவின் அன்னம் சாவுக்கு இணங்கிப் போகும் அன்னம் என்பார்கள். மாயாவின் அன்னம் கடைசி நொடி வரைக்கும் இணங்காது. அவர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவார். முகமே தெரியாது. கைகள் மட்டும் தெரியும். தோளிலிருந்து விரல்நுனி வரை எங்கே மூட்டு, எங்கே எலும்பு என்று கண்டுபிடிக்க முடியாத கைகள். இந்த ஆட்டத்துக்கு எந்த நாட்டிலும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எழுபது வயதிலும் ஆடினார்.

1943இல் பள்ளி முடிந்து போல்ஷோயில் சேர்ந்தார். 1947இல் முதல் ஸ்வான் லேக். இந்தப் பாலேயை அவர் முப்பது ஆண்டுகளில் எண்ணூறு முறைக்கு மேல் ஆடினார். ஏன் இத்தனை முறை? ரசிகர்கள் கேட்டார்கள் என்பது பாதிக் காரணம். மீதி, வெளிநாட்டுத் தலைவர் யார் மாஸ்கோவுக்கு வந்தாலும் இரவு நிகழ்ச்சி இதுதான். டிட்டோ வந்தாலும் ஸ்வான் லேக், நாசர் வந்தாலும் ஸ்வான் லேக், நேரு வந்தாலும் அதுவேதான். விருந்தாளி புதிதாகப் பார்ப்பார், சோவியத் தலைவர் குருசேவ் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கனவில் வெள்ளைப் பாவாடைகளும் டாங்கிகளும் கலந்து வருகின்றன என்று அவர் சலித்துக்கொண்டதாக மாயா தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். 1991 ஆகஸ்ட் 19இல் கோர்பசேவைக் கவிழ்க்க முயன்றவர்கள் தொலைக்காட்சியில் செய்திக்குப் பதிலாக ஓட்டியதும் ஸ்வான் லேக்தான். அந்த நாட்டில் இந்த இசை கேட்டால், ஏதோ நடந்துவிட்டது என்று மக்கள் காதைத் தீட்டிக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டிருந்தது.

1949 டிசம்பரில் ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள். கிரெம்ளினில் புனித ஜார்ஜ் மண்டபத்தில் கலைநிகழ்ச்சி. மாயாவுக்கு 24 வயது. எதிரே ஸ்டாலின், பக்கத்தில் மாசேதுங். அப்பாவைக் கொன்ற ஆட்சியின் தலைவர் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குத் தன்னை வாட்டிய பயம் என்ன என்று அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். மெழுகு போட்டுத் தேய்த்த தரை வழுக்கிவிடுமோ என்பதுதான் அவர் கவலை. ஸ்டாலின் கண்ணைப் பார்க்கவும் துணிவில்லை. ஆடி முடித்து வணங்கிவிட்டு வெளியே ஓடினார். கலைஞரைத் தியாகியாக்கிப் பார்க்க ஆசைப்படும் நமக்கு இது போதாததாகத் தோன்றும். மேடையேறியவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆடும்போது ஆடுபவருக்குத் தரைதான் உலகம்.

இனி 1956. இந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

போல்ஷோய் முதன்முறையாக முழுக் குழுவாக மேற்கே போகிறது. லண்டன், கோவன்ட் கார்டன். பயணம் கடைசிவரை இழுபறியாக இருந்தது. ஒரு சோவியத் வட்டெறி வீராங்கனை லண்டன் கடையில் தொப்பிகளைத் திருடியதாக வழக்குப் போட்டிருந்தார்கள். நம் பெண்களையும் இப்படி மாட்டிவிடுவார்கள் என்று மாஸ்கோவில் ஒரே கூச்சல். கடைசியில் போனார்கள். 46 வயது கலினா உலனோவா 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட்டாக ஆடி லண்டனையே அழவைத்தார். மாயாவின் பெயர் பட்டியலில் இல்லை. அப்போது அவருக்கு முப்பது. உடல் உச்சத்தில் இருக்கும் வயது.

காரணங்களை யாரும் எழுதித் தரவில்லை. அடுக்கிப் பார்த்தால் நிறையவே உண்டு. அப்பா சுடப்பட்டவர், அம்மா முகாமில் இருந்தவர், யூதக் குடும்பம், அப்பாவின் அண்ணன் அமெரிக்காவில். மாயாவுக்குத் திருமணமும் ஆகவில்லை. பிணைக்கு வைத்துக்கொள்ள வீட்டில் கணவனோ குழந்தையோ இல்லாதவர் திரும்பிவர மாட்டார் என்பது அன்றைய கணக்கு. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரோடு பழக்கம் வேறு. அதற்குப் பிறகு உளவுத்துறையான கேஜிபியின் கார் ஒன்று அவர் வண்டியின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

குழு லண்டனில் இருக்கும்போது மாஸ்கோவில் தங்கிவிட்டவர்களை வைத்து மாயா ஸ்வான் லேக் ஆட முடிவெடுத்தார். 1956 அக்டோபர் மாத நிகழ்ச்சி அது. கலாச்சார நிர்வாகத்திலிருந்து அழைத்து, அதிகம் கைதட்ட வேண்டாம் என்று உங்கள் ரசிகர்களிடம் சொல்லிவையுங்கள் என்றார்களாம். கைதட்டலுக்கு எதிராகப் பாதுகாப்பு ஏற்பாடு! ஆனாலும் அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் தடவை அவர் மேடைக்கு வந்ததுமே கைதட்டல் ஆட்டத்தை நிறுத்தியது. சாதாரண உடையில் இருந்த காவலர்கள், சத்தமாகக் கத்தியவர்களை இருக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் சிலர் கையை உதறிக்கொண்டு கூச்சலிட்டார்கள். முடியும்போது கைதட்டலை நிறுத்த யாராலும் முடியவில்லை. திரை திரும்பத் திரும்ப உயர்ந்தது. அடுத்த நாட்களில் சில ரசிகர்களைக் காவல்நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்ததாகவும் மாயா எழுதுகிறார். முழக்கமில்லை, துண்டறிக்கையில்லை. ஓர் ஆட்டக்காரிக்குக் கைதட்டியதுதான் குற்றம். அன்றைய மாஸ்கோவில் அந்தக் கைதட்டல் என்னவென்று அரசுக்கும் புரிந்திருந்தது, தட்டியவர்களுக்கும் புரிந்திருந்தது. அதே மாதக் கடைசியில் ஹங்கேரியில் கலகம் வெடித்து சோவியத் டாங்கிகள் நுழைந்தன. பதில் மரியாதையாக மாஸ்கோ வரவிருந்த லண்டன் குழு வரவில்லை.

இந்தியாவுக்கு மட்டும் அவரை முன்னமே விட்டிருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஒரு கலாச்சாரக் குழுவோடு இங்கே வந்து ஆடினார், நேருவைச் சந்தித்தார். கூடவே கண்காணிக்க ஆளும் வந்தார். இந்தியா நட்பு நாடு, மேற்கு அப்படியில்லை.

1958 அக்டோபர் 2 அன்று இசையமைப்பாளர் ரொடியோன் ஷெத்ரினைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பயணம். மாயா குருசேவுக்குக் கடிதம் எழுதினார். ஷெத்ரின் கேஜிபி அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். குருசேவ் அனுமதித்தார். தன் சொந்த நினைவுக்குறிப்பிலும் இதைச் சொல்லிக்கொள்கிறார், ஆளை நம்பிப் பார்த்தேன் என்ற பெருமையோடு. ஷெத்ரின் மட்டும் மாஸ்கோவில் இருந்தார். நம்பிக்கைக்கும் பிணை வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் வெறித்தனமான வரவேற்பு. ஆனால் சம்பளக் கணக்கைக் கேளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு அவருக்கு 40 டாலர். ஆடாத நாளில் ஒன்றுமில்லை. குழு நடனக்காரர்களுக்கு நாளைக்கு 5 டாலர். அமெரிக்க ஏற்பாட்டாளர் சோல் ஹூரக் கொடுத்த பெருந்தொகை முழுக்க அரசு கஜானாவுக்குப் போனது. நடனக்காரர்கள் ஊருக்குச் சாமான் வாங்கப் படிக்காசை மிச்சம் பிடித்தார்கள். பெட்டியில் கொண்டுவந்த தொத்திறைச்சியை ஓட்டல் அறைக் குழாய்ச் சுடுநீரில் சூடுபண்ணித் தின்றார்கள். மலிவாகக் கிடைத்த நாய்த் தீவனத்தைக்கூடச் சிலர் தின்றதை மாயா மறைக்காமல் எழுதுகிறார். உலகத்தின் முதல் பாலே குழு, நண்பர்களே. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோதும் இந்தக் குழு அமெரிக்காவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. நெருக்கடி தணிந்த சில வாரங்களில் கென்னடி வாஷிங்டனில் வந்து மாயாவின் ஸ்வான் லேக்கைப் பார்த்தார்.

பலர் கேட்பார்கள், ஏன் ஓடிப்போகவில்லை என்று. மற்ற சோவியத் நடனக்காரர்கள் போனார்கள். 1961இல் நூரெயேவ் பாரிஸில் நின்றுவிட்டார். 1970இல் மகாரோவா லண்டனில். 1974இல் பாரிஷ்னிகோவ் டொரொன்டோவில். மாயாவின் ஜோடியாக ஆடிய கதுனோவ் 1979இல் நியூயார்க்கில். 1980இல், சொன்னால் நம்ப மாட்டீர்கள், வளர்த்த சித்தி சுலமீத்தே எழுபது வயதைத் தாண்டிய பிறகு டோக்கியோவில் மகனோடு தஞ்சம் கேட்டார்! மாயா மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பினார். பதில்களை அவரே சொல்லியிருக்கிறார்: கணவர் மாஸ்கோவில், கொடுத்த வாக்கு, பழிவாங்குவார்கள் என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலே போல்ஷோயின் மேடை. அந்த மேடையின் அகலமும் பின்பக்கச் சரிவும், ஓடிவந்து தாவுவதற்கான இடமும் வேறெங்கும் இல்லை என்பார். தேசப்பற்று என்ற சொல்லை இதில் நுழைக்க அரசு மிகவும் பாடுபட்டது. அவர் மேடைப்பற்று என்றுதான் சொன்னார். நான் அவரையே நம்புகிறேன்.

1960இல் உலனோவா ஓய்வு பெற்றார். போல்ஷோயின் முதல் இடம் மாயாவுக்கு. 1964இல் லெனின் பரிசு. வேறொருவராக இருந்தால் அத்தோடு அடங்கியிருப்பார். பழைய அன்னத்தையும் உறங்கும் அழகியையும் ஆடிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் புது வேடம் வேண்டும் என்று துடித்தார். கார்மென் வேண்டும்.

இசை எழுதித்தரச் சொல்லி இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சைக் கேட்டார். 'கார்மென்' ஆப்ராவுக்குப் பிசே எழுதிய இசைக்குப் போட்டியாக எழுத அவருக்குத் துணிவில்லை. கச்சதூரியனும் எழுதவில்லை. 1966இல் மாஸ்கோவில் கியூபக் குழு ஆடியபோது அதன் நடன அமைப்பாளர் அல்பெர்ட்டோ அலோன்சோவைப் பார்த்ததும் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்க் கார்மென் செய்வீர்களா என்று கேட்டுவிட்டார். அவருக்கும் அதே கனவு இருந்தது. கியூபா தோழமை நாடு என்பதால் அமைச்சகமும் வேண்டாம் என்று சொல்லக் கூசியது. இசையைக் கடைசியில் ஷெத்ரினே எடுத்தார். பிசேயின் இசையைத் தந்திக் கருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்கும் மட்டுமாக மாற்றி எழுதினார். ஊதுகருவியே இல்லை. மேடை அமைப்பு மாமன் மகன் போரிஸ் மெசரர். காளைச் சண்டை வளையம், அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளில் நீதிபதிகளைப் போல வேடிக்கை பார்க்கும் மனிதர்கள். எல்லாம் ஒரே அங்கம், நாற்பது நிமிடங்களுக்குச் சற்று மேல்.

1967 ஏப்ரல் 20 அன்று அரங்கேற்றம். கலாச்சார அமைச்சர் எகத்தெரீனா ஃபூர்த்செவா வந்திருந்தார். வழக்கமான பாலே பாவாடையில்லாத, இடுப்பை ஆட்டும், நேராகக் கண்ணைப் பார்க்கும் பெண். சபையே திகைத்தது. கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது நிகழ்ச்சிக்குப் பதிலாக வேறு பாலே போடுங்கள் என்று அமைச்சர் உத்தரவு. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இசையமைப்பாளர் மாளிகையில் விருந்துக்குச் சொல்லிவைத்துவிட்டோம், ரத்து செய்தால் ஊரே பேசும், அயல்நாட்டு வானொலி பேசும் என்று ஷெத்ரின் வாதாடினாராம். காதல் காட்சியின் ஒரு பகுதியை வெட்டுவதென்று சமாதானம் ஆயிற்று. ஒரு பாலேயைக் காப்பாற்றியது விருந்துச் சாப்பாடு! பிறகு கனடா பயணத்தில் கார்மெனைச் சேர்க்கக்கூடாது என்றபோது மாயா போகவே மறுத்துவிட்டார். மேடைப் பொருள்கள் ஏற்கனவே கப்பலேறியிருந்தன. பாலேக்குத் துரோகம் செய்துவிட்டாய், இந்தக் கார்மென் சாகும் என்று அமைச்சர் சீறினார். நான் இருக்கும்வரை அது இருக்கும் என்ற பொருளில் மாயா பதில் கொடுத்தார். தன் கணக்குப்படி 350 முறை ஆடினார்.

ஃபூர்த்செவாவை வில்லியாக்கிவிட்டுப் போவது எளிது. அதே அமைச்சர்தான் 1972இல் மாயா தானே நடனம் அமைத்த 'அன்னா கரேனினா' மேடையேறத் துணையாக இருந்தார். ஷெத்ரின் இசை, ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்தானின் உடைகள். தால்ஸ்தாயை ஆடுவதாவது என்று எதிர்த்தவர்கள் தியேட்டருக்குள்ளேயே நிறைய இருந்தார்கள். எனக்கு அந்தப் பாலே முழுமையாக வாய்த்ததாகத் தோன்றவில்லை. நடன அமைப்பாளராக மாயா, ஆட்டக்காரி மாயாவின் தோளுக்குத்தான் வருவார். ஆனாலும் நாற்பத்தாறு வயதில், பிறர் தராத வேடத்தைத் தானே செய்துகொண்டாரே, அந்தப் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குவேன்.

மேற்கின் நடன அமைப்பாளர்களைத் தேடி அவரே போனார். 1973இல் ரோலான் பெத்தி. 1975இல் பிரஸ்ஸல்ஸில் மொரீஸ் பெஜார் அமைத்த 'பொலேரோ'. பெரிய வட்ட மேசைமேல் ஒற்றைப் பெண், சுற்றிலும் ஆண்கள். கால்மணி நேரம் ஒரே தாளம், சிறுகச் சிறுகப் பெருகும். மனப்பாடம் செய்ய ஒருவாரம் கூடக் கிடைக்கவில்லை. ஒரே மாதிரித் தோன்றும் அசைவுகளின் வரிசை அவருக்குப் பிடிபடவே இல்லை. முதல் நாள் பெஜார் வெள்ளைச் சட்டையோடு அரங்கின் பின்கோடியில் விளக்கு வெளிச்சத்தில் நின்று அடுத்த அசைவைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில், உலகப் புகழோடு, அப்படி ஒரு பள்ளிப் பிள்ளையாக நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

போல்ஷோயில் 1964 முதல் யூரி கிரிகரோவிச் தலைமை நடன அமைப்பாளர். தொடக்கத்தில் அவருடைய பாலேகளில் மாயா ஆடினார். போகப் போக முட்டல் வளர்ந்தது. ஒரே ஆளின் பாலேகள்தான் ஒரு தேசியத் தியேட்டரில் ஓட வேண்டுமா என்று மாயாவும் வேறு சில மூத்தவர்களும் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. கிரிகரோவிச்சின் 'ஸ்பார்ட்டகஸ்' பெரிய படைப்பு என்பதும் உண்மை. 1980களில் மாயா ரோமிலும் மாட்ரிட்டிலும் குழுக்களை நடத்தினார். 1985இல் அறுபதாவது பிறந்தநாளில் செக்காவின் 'நாய்க்காரச் சீமாட்டி'யைப் பாலேயாக ஆடினார். அதே ஆண்டு 'சோசலிச உழைப்பு வீரர்' என்ற உயர்ந்த பட்டத்தை அரசு கொடுத்தது. 1990இல் போல்ஷோய் அவரை வெளியே அனுப்பியது. பட்டம் ஒரு கையில், வெளியேற்றம் மறுகையில். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் நடந்தது.

பிறகு மியூனிக்கில் வாழ்ந்தார். 1994இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் பெயர் பெயராகப் பேசினார். கசப்பு அதிகம், சில இடங்களில் நியாயத்துக்கு மீறியும் போகிறது. ஆனால் அப்பாவைப் பற்றிய பக்கங்களில் ஒரு வார்த்தை மிகையில்லை. தன் சாம்பலையும் கணவரின் சாம்பலையும் சேர்த்து ரஷ்யாவின் மேல் தூவ வேண்டும் என்று இருவரும் உயில் எழுதினார்கள். 2016 நவம்பர் 20 அன்று, போல்ஷோய்க்கு அருகே போல்ஷயா த்மீத்ரவ்கா தெருவில் அவர் பெயரிட்ட சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அன்னமாக வைக்கவில்லை. அமைச்சர் சாகும் என்று சொன்ன கார்மெனாக வைத்தார்கள்.

நான் சொன்னதை எல்லாம் விட்டுவிடுங்கள். 1957இல் எடுத்த ஸ்வான் லேக் படமும், 1969இல் வாதிம் தெர்பென்யோவ் எடுத்த கார்மென் படமும் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன. முதலில் அன்னத்தைப் பாருங்கள். மறுநாள் கார்மெனைப் பாருங்கள். இரண்டிலும் கைகளைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு என்னோடு சண்டை போட வாருங்கள்.